காட்டோரக் குடியிருப்பில் நாய் வளர்க்கப் போகிறீர்களா? தடுப்பூசி அட்டை முதல் ஊர்த் தீர்மானம் வரை

காட்டோர ஊரில் நாயை வளர்ப்பது எளிது. அதைச் சுற்றியுள்ள அலைச்சல்தான் பெரும்பாடு. ஊசிக்குப் போனால் டாக்டர் வேறு ஊர் முகாமுக்குப் போயிருப்பார். டாக்டர் இருந்தால் மருந்து இருக்காது. இரண்டும் அமைந்த நாளில் நாய் ஜீப்பில் ஏறாது. இந்த மூன்றையும் ஒரே நாளில் சேர்த்து வைப்பது எப்படி என்பதுதான் இங்கே பெரும்பகுதி.

மசினகுடி, கூடலூர், பந்தலூர் வட்டாரத்தில் இருளர், பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடியிருப்புகளில் முதல் முறையாக நாய் வளர்ப்பவர்களுக்கும், ஊர் நாய்களின் பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொண்ட இளைஞர்களுக்கும், ஆசிரியராகவோ செவிலியராகவோ அங்கே வேலைக்கு வந்து கையோடு ஒரு நாயையும் கொண்டு வருபவர்களுக்கும் இது. முதுமலைப் புலிகள் காப்பகத்தின் ஓரத்தில் இருப்பதால் நகரத்து நாய் வளர்ப்பு ஆலோசனைகளில் பாதி இங்கே உதவாது. சில ஆபத்தாகவே முடியும்.

1. வீட்டு நாயா, ஊர் நாயா? முதலில் இதை முடிவு செய்யுங்கள்

சட்டத்தில் இரண்டு வகைதான். விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள் 2023-இன்படி, வளர்ப்பு நாய்க்கு ஊசி, பூச்சி மருந்து, கருத்தடை எல்லாம் வளர்ப்பவர் பொறுப்பு. தெரு நாய்க்கு உள்ளாட்சி பொறுப்பு. குடியிருப்பு நாய்களோ இந்த இரண்டிலும் அடங்காதவை. ஒரு வீட்டில் சோறு, இன்னொரு வீட்டுத் திண்ணையில் தூக்கம், பகலில் மாட்டோடு மேய்ச்சல். யாராவது கடிபட்டதும் "அது எங்க நாய் இல்லை" என்று எல்லா வீடும் கைவிரிக்கும்.

எனவே ஒவ்வொரு நாய்க்கும் ஒரு வீட்டின் பெயர் வேண்டும். சோறு போடும் வீடுதான் அந்த வீடு என்று வைத்துக்கொள்வது சண்டையைக் குறைக்கும். எந்த வீட்டோடும் ஒட்டாத நாய்களைத் தனியாக எண்ணுங்கள். அவற்றுக்குத்தான் உள்ளாட்சியிடம் மனு. உங்கள் உள்ளாட்சி எது என்பதையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். மசினகுடி கிராம ஊராட்சி, தேவர்சோலையும் ஓவேலியும் பேரூராட்சிகள், நெல்லியாளம் நகராட்சி. ஊராட்சியில் தலைவர் அல்லது செயலர், பேரூராட்சியில் செயல் அலுவலர், நகராட்சியில் ஆணையர். மனு தவறான அலுவலகத்துக்குப் போனால் திரும்பி வராது, அங்கேயே கிடக்கும்.

பெயர் கொடுத்தால் பொறுப்பும் சேர்ந்து வரும் என்று தயங்குவார்கள். உண்மைதான். ஆபத்தான விலங்கை அசட்டையாக விட்டுவைத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 291-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். ஆனால் பெயர் கொடுக்காத வீட்டையும் ஊரே அடையாளம் காட்டும். ஊசி போட்ட அட்டை கையில் இருப்பதுதான் பாதுகாப்பு.

2. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள்

நீளமான கணக்கு நோட்டு ஒன்று போதும். ஒரு நாய்க்கு ஒரு வரி: வீட்டுக்காரர் பெயர், நாயின் பெயர், கடுவனா பெட்டையா, நிறமும் அடையாளமும், உத்தேச வயது, ரேபிஸ் ஊசி தேதி, அடுத்த தேதி, கருத்தடை ஆனதா, கடித்த விவரம். செல்போனில் ஒரு படமும் எடுத்து வைக்கவும். "செவலை நாய்" என்று எழுதினால் ஊரில் பத்துச் செவலை இருக்கும். வால் நுனி வெள்ளை, இடது காது மடிந்தது என்று எழுதுங்கள்.

எண்ணுவதற்கு ஏற்ற நேரம் காலை 6 முதல் 8. அதற்குப் பின் மாட்டோடு போய்விடும். இரண்டு நாள் அடுத்தடுத்து எண்ணினால்தான் கணக்கு சரியாக வரும். முதல் நாள் தோட்டத்தில் தங்கிய நாய் இரண்டாம் நாள் தென்படும்.

3. ரேபிஸ் ஊசி: எப்போது, எங்கே, எப்படி

குட்டிக்கு 3 மாதம் முடிந்ததும் முதல் ஊசி. டாக்டர் சொன்னால் 3 அல்லது 4 வாரம் கழித்து இன்னொன்று. பிறகு ஆண்டுக்கு ஒன்று. தோலுக்கடியில் 1 மி.லி., அவ்வளவுதான். முதல் ஊசி போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது. இரண்டு மூன்று வாரம் ஆகும்.

அரசுக் கால்நடை மருந்தகத்துக்கு ஒற்றை நாயோடு போனால் "இன்னும் கொஞ்சம் நாய் சேரட்டும்" என்று திருப்பி அனுப்புவது உண்டு. அலட்சியம் என்று கோபப்பட வேண்டாம். முகாமுக்கு வரும் மருந்துக் குப்பி பெரும்பாலும் 10 டோஸ் கொண்டது. திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும், மிச்சம் வீண். ஆகவே நீங்களே பத்து நாயைச் சேர்த்துவிட்டுப் போன் செய்யுங்கள். இருபது முப்பது என்றால் டாக்டரை ஊருக்கே வரச் சொல்லிக் கேட்கலாம். எழுத்தில் கேளுங்கள். நாய்க் கணக்கு நோட்டின் நகலை மனுவோடு இணைத்தால், எத்தனை டோஸ் எடுத்து வருவது என்று அவருக்கும் தெரியும்.

எத்தனை நாய்க்குப் போட்டால் போதும்? ஊரில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்குக் குறையாமல் போட்டால்தான் நோய் பரவும் சங்கிலி அறுபடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். 40 நாய் என்றால் 28. உங்கள் நாய் ஒன்றுக்கு மட்டும் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு. அடுத்த ஆண்டுக்குள் குட்டிகள் பிறந்து, வயதானவை செத்து, சில சிறுத்தைக்குப் போய், 28 என்பது 18 ஆகியிருக்கும். அதனால் இதை ஆண்டுதோறும் செய்தாக வேண்டும்.

எந்த மாதம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். இலவச முகாம்கள் பெரும்பாலும் செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினத்தை ஒட்டி நடக்கும். கூடலூர்ப் பக்கம் அப்போது மழை. ஜீப் ஏறாத ஊர்கள் விட்டுப்போகும். நம்மூர் நாய்கள் பெரும்பாலும் மழைக்காலக் கடைசியில் இணைசேர்ந்து, அக்டோபர் முதல் ஜனவரிக்குள் குட்டி போடும். செப்டம்பர் முகாமின்போது அந்த ஆண்டுக் குட்டிகள் பிறந்தே இருக்காது. பிப்ரவரி அல்லது மார்ச்சில் இன்னொரு முகாம் கேளுங்கள். குட்டிகளுக்கு 3 மாதம் முடிந்திருக்கும், மண் காய்ந்திருக்கும், வண்டி வரும். அந்த நாளில் 3 மாதம் நிரம்பாத குட்டி இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். கூட்டு முகாமில் அவற்றுக்கும் போடலாம் என்பதே இப்போதைய பரிந்துரை; வயது வந்ததும் மறு ஊசி போட்டுவிட வேண்டும்.

முகாம் நாளில் கவனிக்க வேண்டியவை:

நாயை அதற்குச் சோறு போடுபவரே பிடிக்கட்டும். வாட்டசாட்டமான ஆள் வந்து அமுக்கினால் கடி நிச்சயம். பல வீடுகளில் நாய் குழந்தைகள் சொன்னால்தான் கேட்கும். குழந்தை கூப்பிடட்டும், பிடிப்பது பெரியவர் வேலை.

காலையில் சோறு போடாமல் வைத்தால் உணவைக் காட்டி வரவழைக்கலாம். ஊசி போட்ட நாயின் கழுத்தில் ஒரே நிறத் துணிப்பட்டை கட்டினால் இரண்டாம் முறை பிடிக்க வேண்டிவராது.

அட்டையில் மருந்தின் பெயர், தொகுதி எண், தேதி, டாக்டர் கையெழுத்து, முத்திரை ஐந்தும் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத அட்டை வெறும் காகிதம்.

மருந்துக் கடையில் ஊசி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து, தெரிந்தவரை வைத்துப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. அந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருந்தாக வேண்டும். வெயிலில் சூடானாலும் கெடும், ஐஸ் கட்டியை ஒட்டி உறைந்தாலும் கெடும். கெட்ட மருந்து பார்வைக்கு நல்ல மருந்து போலவே இருக்கும். நாய்க்குப் பாதுகாப்பு இருக்காது, உங்களுக்கோ இருப்பதாக நம்பிக்கை இருக்கும்.

4. மற்ற ஊசியும் பூச்சி மருந்தும்

ரேபிஸ் மனிதருக்காக என்றால், டிஸ்டெம்பர், பார்வோ என்னும் நாய்த் தொற்றுநோய்களுக்கான ஊசிகள் நாய்க்காகவும் காட்டுக்காகவும். செந்நாயும் நம் நாய்க்கு உறவுதான். சிறுத்தை நம் நாயைத் தின்கிறது. 2018-இல் குஜராத்தின் கிர் காட்டில் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் செத்தபோது டிஸ்டெம்பர் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது. குட்டிக்கு 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வார இடைவெளியில் 16 வாரம் வரை இந்தக் கூட்டு ஊசி. அரசு மருந்தகத்தில் இது எப்போதும் கிடைக்காது. காசு கொடுத்து வாங்க நேரிடும். எல்லா நாய்க்கும் முடியாவிட்டால், வெளியிலிருந்து வரும் நாய்க்காவது கட்டாயமாக்குங்கள்.

வேலைக்காக வந்து குடியேறுபவர்களுக்கு: உங்கள் லாப்ரடாரோ பொமரேனியனோ எதுவானாலும், வருவதற்கு இரண்டு வாரம் முன்பே ஊசிகளை முடித்துவிட்டு வாருங்கள். வந்த பின் மூன்று வாரம் ஊர் நாய்களோடு கலக்க விடாதீர்கள்.

குடற்புழு மருந்து 3 மாதத்துக்கு ஒரு முறை. எல்லா வகைப் புழுவுக்குமான வழக்கமான கூட்டு மாத்திரை 10 கிலோவுக்கு ஒன்று. எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை மருந்தகத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளவும். எடை பார்க்க வழி: ரேஷன் கடை எடைமேடையில் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள், பிறகு நீங்கள் மட்டும் ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள்.

ஆடு, பன்றி அறுக்கும் நாளில் ஈரலையும் நுரையீரலையும் பச்சையாக நாய்க்கு எறிவதை நிறுத்துங்கள். அதில் உள்ள நீர்க்கட்டிப் புழு நாயின் குடலில் வளர்ந்து, அதன் மலம் வழியாக வரும் முட்டை மனிதரின் ஈரலில் கட்டியாக உட்காரும். வேகவைத்துப் போட்டால் தீர்ந்தது.

உண்ணியைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். விரலால் நசுக்க வேண்டாம். மண்ணெண்ணெய் ஊற்றவே கூடாது, தோல் வெந்துவிடும்.

நாய்க்குக் காய்ச்சலோ வலியோ என்றால் வீட்டிலிருக்கும் பாரசிட்டமாலும் டைக்ளோபினாக்கும் கொடுக்காதீர்கள். டைக்ளோபினாக் நாய்க்கே ஆகாது. மாட்டுக்கு அதைப் போடுவது 2006 முதல் தடை. அது உடம்பில் தங்கிய பிணத்தைத் தின்னும் கழுகின் சிறுநீரகம் கெட்டுச் சாகும். தென்னிந்தியாவில் பாறுக் கழுகுகள் மிஞ்சியிருக்கும் ஒருசில இடங்களில் சீகூர், மாயாறு பள்ளத்தாக்கும் ஒன்று. மாட்டுக்கு வலி ஊசி போடும்போது "மெலாக்சிகாம்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள்.

5. கருத்தடை: அறுவை சிகிச்சையைவிட அதற்கு முன்னும் பின்னும்தான் வேலை

பெட்டை நாய்க்கு 6 மாதத்துக்கு மேல், முதல் பருவத்துக்கு முன் செய்வது நல்லது. குட்டிக்குப் பால் கொடுக்கும் நாயை அழைத்துப் போகாதீர்கள், பால் மறக்கட்டும். காலம் என்று பார்த்தால் மார்ச் முதல் மே வரை. குட்டிகள் பால் மறந்திருக்கும், அடுத்த பருவம் வந்திருக்காது, தையல் ஈரமாகாது. ஜூனில் கூடலூர் மழை தொடங்கிவிட்டால் காயம் ஆறுவது பெரும்பாடு.

எங்கே என்று கேட்டால், ஊர் நாய்க்கு உள்ளாட்சி வழியாக, அங்கீகாரம் பெற்ற கருத்தடை மையம். வீட்டு நாய்க்குக் கால்நடை மருத்துவமனை அல்லது தொண்டு நிறுவன முகாம். உதகையில் டபிள்யூ.வி.எஸ். என்ற கால்நடை மருத்துவத் தொண்டு அமைப்பின் பயிற்சி மையம் இந்தப் பணியில் உள்ளது. எங்கே போனாலும் தேதி வாங்காமல் போகாதீர்கள்.

இரண்டு வாரம் முன்: கழுத்துப்பட்டையும் கயிறும் பழக்குங்கள். வாழ்நாளில் கயிறு கண்டிராத நாயை அன்றைக்குக் காலையில் கட்டினால் அது தன்னையே நெரித்துக்கொள்ளும். ஓடாத ஜீப்பில் ஏற்றி இரண்டு முறை சோறு போட்டால் ஏறப் பழகிவிடும்.

முந்தைய இரவு: கடைசிச் சோறு இரவு 8 மணிக்குள். தண்ணீர் காலை வரை கொடுக்கலாம். யாரும் தெரியாமல் எலும்பு போட்டுவிடாமல் கட்டி வையுங்கள். வயிற்றில் சோறோடு மயக்க மருந்து கொடுத்தால் வாந்தி மூச்சுக்குழாயில் ஏறி நாய் செத்துப்போகலாம். மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக உதகை போவதானால் 36 கொண்டை ஊசி வளைவு. வெறும் வயிறு அதற்கும் நல்லது.

வழியில்: வாயைக் கயிற்றால் இறுகக் கட்டாதீர்கள். நாய் வாய் திறந்து மூச்சிரைத்துத்தான் உடல் சூட்டைத் தணிக்கிறது. கடிக்கும் நாய்க்குக் கம்பிக் கூடு போட்ட வாய்மூடி. கோணிச் சாக்கில் கட்டி எடுத்துப் போவதும் கூடாது.

திரும்பியபின்: ஊர் நாய்களை மையத்தில் அறுவைக்குப் பின் குறைந்தது 4 நாள் வைத்திருக்க வேண்டும். அன்றே அனுப்பினால் காரணம் கேளுங்கள். வீட்டு நாய் அன்றே வருவதுண்டு. முழுதாகத் தெளியும்வரை சோறும் தண்ணீரும் வேண்டாம். பக்கவாட்டில் படுக்க வையுங்கள். முதல் 10 நாள் இரவில் வீட்டுக்குள்தான். தள்ளாடும் நாய் சிறுத்தைக்கு எளிய இரை. தையல் சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, இரண்டு வேளைக்கு மேல் சாப்பிடாவிட்டாலோ 1962-க்குக் கூப்பிடுங்கள்; கால்நடை ஊர்தியின் கட்டணமில்லா எண். சாம்பல், மஞ்சள் பூச வேண்டாம். நக்காமலிருக்க பழைய பனியனில் நான்கு கால் ஓட்டை வெட்டி மாட்டிவிட்டால் போதும், கடைக் கழுத்துக்கூடு தேவையில்லை.

6. இரவில் நாய் எங்கே?

முற்றத்தில் சங்கிலியில் கட்டிய நாய் சிறுத்தைக்கு வைத்த பந்தி. அதைத் தேடி வரும் சிறுத்தை அடுத்த இரவும் வரும், வாசலில் குழந்தை இருக்கும் நேரத்திலும் வரும். அவிழ்த்து விட்டால் யானையைக் குரைத்துச் சீண்டிவிட்டு உங்கள் வாசலுக்கே ஓடிவரும், பின்னால் யானையும். இரண்டும் வேண்டாம்.

வீட்டுக்குள் இடமில்லை என்றால் கூண்டு. நான்கடிக்கு ஆறடி, உயரம் நான்கடி. நாலு பக்கமும் மேலேயும் வெல்டு கம்பி வலை, கண்ணி 2 அங்குலத்துக்கு மேல் கூடாது. பெரிய கண்ணியில் சிறுத்தை கால் நுழைத்து இழுக்கும். தரையில் சிமெண்ட், இல்லாவிட்டால் வலையை ஓரடி ஆழம் புதைத்துக் கல் அடுக்குங்கள். கதவுக்கு உள்தள்ளும் கொக்கி போதாது, நாதாங்கி போட்டுப் பூட்டும் வகை வேண்டும். பொழுது சாயும்போது உள்ளே, நன்றாக விடிந்தபின் வெளியே. பகலில் கட்டுவதானால் 3 மீட்டராவது சங்கிலி, நிழல், தண்ணீர். குறுகிய சங்கிலியில் நாள் முழுக்கக் கட்டுவது 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்.

கல்யாண வீட்டு எச்சில் இலையும் எலும்பும் ஊர் ஓரத்தில் கொட்டினால் முதலில் நாய், பிறகு பன்றி, பிறகு சிறுத்தை. குழி வெட்டி மூடுங்கள்.

7. காட்டுக்குள் நாய் வேண்டாம்

தேன், கிழங்கு, நெல்லி, சீமார்ப் புல் எடுக்கப் போகும்போது நாய் பின்னால் வரும். வன உரிமைச் சட்டம் 2006 சிறு வனப் பொருள் சேகரிக்க உங்களுக்கு உரிமை தருகிறது. நாய் பிடிக்கும் முயலுக்கு அது பொருந்தாது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வேட்டை என்றால் கொல்வது மட்டுமல்ல, விரட்டுவதும் பிடிப்பதும் சேர்த்துத்தான். காட்டுக்குள் உங்கள் பின்னால் ஒரு நாய், அதன் வாயில் ஒரு சருகுமான் என்றால், விளக்கம் சொல்லி மீள்வது கடினம்.

ஊர் எல்லையில் நாய் மானைக் கடித்துக் கொன்றுவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே: தொடாமல் வனவருக்கோ வேட்டைத் தடுப்புக் காவலருக்கோ அப்போதே போன். போன் செய்த நேரத்தைக் குறித்து வையுங்கள். "வீணாப் போகுதே" என்று ஒரு துண்டு வீட்டுக்குள் வந்துவிட்டால் நாய் செய்த காரியம் உங்கள் வழக்காகிவிடும்.

கிளி, மைனா, நட்சத்திர ஆமை, கீரிக்குட்டி எடுத்து வளர்ப்பதும் இதே சட்டத்தில் தடை. தாயில்லாமல் கிடந்தது என்றாலும் வனத்துறைக்குச் சொல்ல வேண்டும்.

மாடு வைத்திருப்பவர்களுக்கு: சரணாலயத்திலிருந்து 5 கி.மீ.க்குள் உள்ள கால்நடைக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி என்பது மேற்படிச் சட்டத்தின் 33-ஏ பிரிவு. நாய் முகாமும் மாட்டு முகாமும் ஒரே நாளில் வைக்கச் சொல்லிக் கேட்டால் டாக்டருக்கு ஒரு நடை மிச்சம், ஊருக்கு ஒரு நாள் கூலி மிச்சம்.

8. ஊர் விதியைத் தீர்மானமாக்குங்கள்

ஊர்ப் பெரியவரான மூப்பன் வாய்ச்சொல்லுக்கு ஊருக்குள் மதிப்பு உண்டு. அலுவலகத்தில் காகிதம்தான் பேசும். வன உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, வன விலங்குக்கும் காட்டுக்கும் கேடு செய்யும் செயல்களை நிறுத்த கிராம சபை எடுக்கும் முடிவுகளுக்கு இடம் தருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நாய் விதிகளை எழுதலாம்.

குழப்பம் வரும் இடம்: ஊராட்சியின் கிராம சபை வேறு, வன உரிமைச் சட்டப்படி குடியிருப்பு அளவில் கூடும் சபை வேறு. முன்னது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். பெரிய கூட்டம், உங்கள் நாய்ப் பேச்சு குடிநீர்ப் பேச்சில் கரைந்துபோகும். முதலில் குடியிருப்புச் சபையில் நிறைவேற்றுங்கள். உறுப்பினர்களில் பாதிப் பேராவது வர வேண்டும்; வந்தவர்களில் மூன்றில் ஒருவராவது பெண்கள். கையெழுத்தும் பெருவிரல் ரேகையும் அன்றே வாங்குங்கள். மறுநாள் வீடு வீடாக வாங்கினால் செல்லாது என்று யாராவது கிளப்புவார்கள். பிறகு நகல்களை உள்ளாட்சி, வனச்சரகர் அலுவலகம், கால்நடை மருந்தகம், ஆரம்ப சுகாதார நிலையம் நான்குக்கும் கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

எழுத வேண்டியவை இவ்வளவு போதும்: ஒவ்வொரு நாய்க்கும் பொறுப்பு வீடு, ஆண்டு ஊசி, பெட்டை நாய்க்குக் கருத்தடை, பொழுது சாய்ந்தால் அடைப்பு, காட்டுக்குள் நாய் கூடாது, வெளியிலிருந்து நாய் வந்தால் அட்டை காட்டி மூன்று வாரம் தனிவைப்பு, கடித்தால் அன்றே நோட்டில் பதிவு, ஊர் நாய்க்குச் சோறு போடப் பள்ளிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் தள்ளி ஓர் இடம்.

எழுதக் கூடாதவை: "மிச்ச நாயைக் கொல்ல வேண்டும்", "விஷம் வைக்க வேண்டும்", "பிடித்துத் தொலைவில் விட வேண்டும்". விலங்கைக் கொல்வதற்கும் ஊனமாக்குவதற்கும் பாரதிய நியாய சன்ஹிதா 325-இல் 5 ஆண்டு வரை சிறை. கருத்தடை முடிந்த ஊர் நாயைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது விதி. விஷமோ நாயோடு நிற்காது. பிணத்தைத் தின்னும் கழுகு, கழுதைப்புலி, புலி வரை போகும். "அபராதம்" என்ற சொல்லையும் தவிர்த்து "ஊர் நாய் நிதிக்குப் பங்கு" என்று எழுதுங்கள். அபராதம் விதிக்க உங்களுக்கு அதிகாரம் எது என்ற கேள்வியிலேயே தீர்மானம் சிக்கிக்கொள்ளும்.

சுற்றுலா வந்தவர்களும் விடுதிக்காரர்களும் நாயை இறக்கிவிட்டுப் போவது தனித் தலைவலி. கைவிடுவது குற்றம்தான். ஆனால் விலங்கு வதைச் சட்டத்தில் முதல் முறைக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். அச்சுப்பிழை இல்லை, 1960-இல் எழுதியது அப்படியே நிற்கிறது. வண்டி எண்ணைப் படமெடுத்து உள்ளாட்சிக்கும் சரகருக்கும் அனுப்புவதே நடைமுறையில் பலன் தரும்.

9. கடித்துவிட்டால்

முதல் வேலை சோப்பும் ஓடும் தண்ணீரும், 15 நிமிடம். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். எண்ணிக்கொண்டே கழுவினால் மூன்று நிமிடத்தில் 15 ஆகிவிடும். பிறகு அயோடின் மருந்து. மிளகாய், சுண்ணாம்பு, காப்பித்தூள், பச்சிலை எதுவும் காயத்தில் வேண்டாம். ஊர் வைத்தியர் மேல் மரியாதை இருக்கட்டும். அவரிடம் போவது ஊசி போட்ட பிறகு. தையல் போடவும் அவசரப்படக் கூடாது.

அன்றே ஆரம்ப சுகாதார நிலையம். ஊசி இலவசம். தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாள். சதையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28. எந்த முறை என்று அட்டையில் எழுதி வாங்குங்கள், வேறு மருத்துவமனைக்குப் போனாலும் அதைக் காட்டுங்கள்.

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால், அல்லது நாய் நக்கியது வாயிலோ திறந்த காயத்திலோ பட்டிருந்தால் ஊசி மட்டும் போதாது. எதிர்ப்புரதம், அதாவது இம்யூனோகுளோபுலின், உடல் எடைக்கு ஏற்பக் காயத்துக்குள்ளேயே செலுத்த வேண்டும். இது எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருக்காது. "அதுவும் வேண்டுமா, இங்கே இருக்கிறதா" என்று வாய்விட்டுக் கேளுங்கள். இல்லை என்றால் முதல் ஊசியை அங்கேயே போட்டுக்கொண்டு கூடலூர் அல்லது உதகை அரசு மருத்துவமனை. முதல் ஊசியிலிருந்து 7 நாளுக்குள் போட்டுவிட வேண்டும், முதல் நாளே என்றால் நல்லது. காப்பகச் சாலை இரவு 9 மணிக்கு மூடினாலும் 108 ஊர்திக்கு வழி உண்டு. காட்டு விலங்கு கடித்தாலும் கீறினாலும் இதே கணக்கு. கர்ப்பிணி, கைக்குழந்தை யாருக்கும் விலக்கு இல்லை.

உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில்தான் அதிகம் தவறுகிறது. சனிக்கிழமை கடிபட்டு, ஊசி பயத்தில் மறைத்து, திங்களன்று விடுதிக்குப் போய்விடும். தெரிந்து முதல் ஊசி போட்டிருந்தாலும் மூன்றாம் நாள் ஊசி விடுதியில் விட்டுப்போகும். அட்டையை விடுதிக் காப்பாளர் கையில் கொடுத்து, மீதித் தேதிகளை அவர் போனில் பதிய வையுங்கள். 28-ஆம் நாளைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

கடித்த நாயை அடித்துக் கொல்லாதீர்கள். 10 நாள் கட்டி வைத்துக் கவனிக்க வேண்டும். அது நலமாக இருந்தால் மேற்கொண்டு என்ன என்று டாக்டர் முடிவு செய்வார். ஆனால் அந்த 10 நாள் முடியட்டும் என்று மனித ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.

10. வெறி பிடித்த நாயும் செத்த நாயும்

தாடை தொங்குவது, எச்சில் ஒழுகுவது, குரல் மாறிக் குரைப்பது, கல்லையும் குச்சியையும் கடிப்பது, பின்னங்கால் தள்ளாடுவது: இவை வெறியின் அறிகுறிகள். இதில் தாடை தொங்குவதைப் பார்த்து "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கு" என்று வாய்க்குள் கை விடுபவர்கள் உண்டு. மாட்டிலும் அப்படித்தான்: தீனி விழுங்காமல், அடித்தொண்டையில் கத்திக்கொண்டு நிற்கும். கையை விடாதீர்கள். விட்டிருந்தால் அது கடிபட்டதற்குச் சமம், 9-ஆம் பகுதிக்குப் போங்கள்.

நாயைத் தனியறையில் அடைக்க முடிந்தால் அடைத்து, மருந்தகத்துக்கும் உள்ளாட்சிக்கும் சொல்லுங்கள். அது கடித்த மற்ற நாய்களின் பட்டியலை அன்றே எழுதுங்கள். ஊசி போட்டவற்றுக்கும் உடனே மறு ஊசி உண்டு. கடிபட்ட மாட்டுக்கு ஐந்து ஊசி. பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது.

செத்தால் வெறுங்கையால் தொடாமல், பிளாஸ்டிக் பை கட்டிய கையால் எடுத்து, ஆறடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நீரோடைக்கு அருகில் வேண்டாம். காட்டில் எறிவது நோயை எறிவதுதான்.

11. என்ன செலவு ஆகும்?

அரசு முகாமில் ரேபிஸ் ஊசிக்குச் செலவில்லை. வெளியில் வாங்கினால் பெரும்பாலும் 500 ரூபாய்க்குள். டிஸ்டெம்பர் கூட்டு ஊசி அதைவிடக் கூடுதல், அதுவும் குட்டிக்கு இரண்டு மூன்று தடவை. தனியாரிடம் பெட்டை நாய்க்குக் கருத்தடை சில ஆயிரம், கடுவனுக்குக் குறைவு. கழுத்துப்பட்டையும் சங்கிலியும் சில நூறு. கூண்டுக்குக் கம்பி வலையும் சிமெண்டும்தான் பெரிய செலவு. இரண்டு வீடு சேர்ந்து ஒன்று கட்டலாம், நாய்கள் ஒத்துப்போனால்.

எல்லாவற்றையும்விடக் கனமானது ஜீப் வாடகையும் போகும் ஆளின் ஒரு நாள் கூலியும். ஒரு நாய்க்கு ஒரு ஜீப் என்றால் யாருக்கும் கட்டாது. ஆறு நாய்க்கு மேல் சேர்ந்தால் மட்டும் வண்டி என்று வைத்துக்கொண்டு, மாதம் வீட்டுக்கு 20 ரூபாய் போட்டால், 30 வீட்டு ஊரில் ஆண்டுக்கு 7,200 ரூபாய் சேரும். வண்டிக்கும் பூச்சி மாத்திரைக்கும் அது போதும். வரவு செலவை அதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பெண்கள் குழுவில் ஒருவர் கையில் நோட்டையும் பணத்தையும் கொடுத்துவிடுங்கள்.